ரங்கம்மாள் ஒத்துக்கொள்ளாத மேகங்கள்

பால்வெளி மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் பிறக்க வேண்டுமானால் பெரியநாயக்கன்பாளையம் ரங்கம்மாளின் அனுமதி வேண்டும். காலையில் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, டிபன் பாக்ஸை மேஜைக்கு அடியில் தள்ளி, நாற்காலியில் தலையணையைச் சரிசெய்து உட்காரும்வரை ஆகாயத்தில் ஒரு மேகமும் அசையாது. வாயைப் பொத்திக்கொண்டு வரிசையில் நிற்கும். இருபதாயிரம் ஒளியாண்டு தூரத்தில் கிடக்கிற மேகம்கூட அவரைக் கேட்காமல் அரை அங்குலம் பருத்ததில்லை. ஆகாயத்தை அளந்தவர்கள் என்று உலகத்தில் நாலைந்து பேரைச் சொல்வார்கள். அவர்கள் எல்லாரும் ரங்கம்மாள் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அளந்தவர்கள்.

இதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அனுமதி என்று சொன்னது, மவுசைப் பிடித்து வளைத்துப் போடுகிற ஒரு கோட்டைத்தான். பஸ்ஸும் பாதி நாள் லேட்டு. மற்றதெல்லாம் ஏறக்குறைய சரி.

மேட்டுப்பாளையம் ரோட்டில் மோட்டார் பம்ப்புக்கு உதிரிபாகம் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அதன் மாடியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களை வரிசையாகப் போட்டு மனோஜ்குமார் என்பவர் ஆபீஸ் நடத்துகிறார். படத்தைத் திறந்து, அதில் இருக்கிற பொருளைச் சுற்றிக் கோடு போட்டுக் கொடுப்பது இங்கே வேலை. ஆயிரம் தக்காளிக்கு மனுசர்கள் கோடு போட்டுக் காட்டினால், ஆயிரத்தோராவது தக்காளியைக் கம்ப்யூட்டர் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். தக்காளி முடிந்து ரோட்டுக் குழி வந்தது. குழி முடிந்து பல் எக்ஸ்ரே வந்தது. இந்த வருஷம் மாசி மாதம், பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து மேகம் வந்தது.

முதல் நாள் சமீரா என்ற ஆராய்ச்சி மாணவி வீடியோவில் வந்து விளக்கினாள்.

"இது மழை மேகம் இல்லைங்க. நட்சத்திரங்களுக்கு நடுவுல மிதக்கற வாயு. பயங்கரக் குளிர். இது திரண்டு சுருங்கித்தான் புது நட்சத்திரமே உருவாகுது. கண்ணுக்குத் தெரியாது. ஆனா இதுல இருக்கற கார்பன் மோனாக்சைடு ரேடியோ அலை விடும். அதை டெலஸ்கோப் பிடிச்சுக் கொடுக்கும்."

பின் வரிசையில் ஒரு கை எழுந்தது. ரங்கம்மாளுடையது.

"கண்ணு, கார்பன் மோனாக்சைடுங்கறது வண்டிப் பொகையில வாரதுங்களே. அத்தன தொலவுல யாருங்க வண்டி ஓட்டறாங்க?"

சமீரா சிரித்தாள். சிரித்துவிட்டு யோசித்தாள். "நல்ல கேள்விங்க" என்றாள். நல்ல கேள்வி என்று சொல்பவர்கள் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்கள். அவளும் எடுத்துக்கொண்டாள். பழைய நட்சத்திரங்கள் செத்துச் சிதறியதில் கிடைத்த கரியும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டானதாம். "அப்ப அதுவும் பொகைதானுங்க" என்று ரங்கம்மாள் எழுதிக்கொண்டார்.

டெலஸ்கோப் ஒரே சொடுக்கில் படம் எடுக்காது. தரையில் மாப்பு போடுகிற மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, பிறகு அங்கிருந்து இங்கே என்று ஆகாயத்தை வரிசை வரிசையாகத் துடைத்துக்கொண்டு போகும். அதைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கட்டங்களாக அனுப்புவார்கள். ஒரு கட்டத்துக்குள் நாற்பது அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகிற வாயு. ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்திருக்கும் மேகங்களை இப்படித்தான் பிரிக்க முடியும். நிறம் கம்ப்யூட்டர் பூசியது: ஒன்றும் இல்லாத இடம் கருநீலம், வாயு அடர்ந்த இடம் மஞ்சள். இந்த இரண்டையும் விட்டால் வேறு நிறமே கிடையாது.

ஊருக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்? ரங்கம்மாள் மேகம் பார்க்கிற வேலைக்குப் போகிறார் என்ற அளவில் புரிந்தது. அவருடைய வீதியில் வடகம் காயப்போடுகிற பெண்கள், "ஏனுங்க்கா, இன்னைக்கு மழை வருமுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதல் வாரம் அவர் பொறுமையாக விளக்கினார். இரண்டாவது வாரத்திலிருந்து குருடிமலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மத்தியானத்துக்கு மேல எடுத்து வெச்சிருங்க" என்று சொல்லிப் பஸ் ஏறினார். செல்போன் சொல்வதைவிட அது அதிகம் பலித்தது.

ரங்கம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருஷம் ஒரு நூல் மில்லில், டெஸ்டிங் ரூமில் இருந்தவர். கறுப்புப் பலகையில் நூலை நெருக்கமாகச் சுற்றி, பக்கவாட்டில் வெளிச்சம் விழ நிறுத்தி, மூன்றடி தள்ளி நின்று பார்ப்பது அவர் வேலை. எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எங்கே முடிச்சு என்று பலகையே சொல்லும். கிட்டப் போனால் நூல் தெரியும், தள்ளி நின்றால் குற்றம் தெரியும் என்பார். ஒரு நாள் மில்லை மூடிவிட்டார்கள். அதன் பிறகு மூன்று வருஷம் அவர் கண்ணுக்கு வேலை இல்லை.

அந்த மூன்று வருஷத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் அவர் கணவர் கோவிந்தராஜுலுவைக் கேட்க வேண்டும். "என்னையத்தான் செக் பண்ணீட்டு இருந்தா" என்பார். சட்டைப் பித்தான் எட்டில் ஒன்று நிறம் வேறு. மீசை இடது பக்கம் ஒரு நூல் நீளம். சுவரில் பூச்சு வேலை ஜன்னலுக்குக் கீழே அரை இஞ்சு கோணல். பூசி இருபது வருஷம் ஆனது, அன்றைக்குத்தான் வெளியே வந்தது. மனைவிக்கு இந்த ஆபீசில் இடம் கிடைத்த அன்று அவர் மனோஜ்குமாருக்கு ஒரு தார் பூவன் பழம் கொடுத்தனுப்பினார். ஒரு சீட்டும் இருந்தது: "அங்கயே வெச்சுக்கோங்க."

வைத்துக்கொள்வதில்தான் சிக்கல். ஒரே கட்டத்தை மூன்று பேர், ஒருவருக்கொருவர் பார்க்காமல், தனித்தனியாக வரைய வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து மேகம் என்றால் மேகம், இல்லையென்றால் இல்லை. வாரத்துக்கு நூறு கட்டம். மற்ற இருவரில் ஒருவரோடாவது ஒத்துப்போகிற ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மார்க்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனோஜ்குமார் பட்டியலைச் சுவரில் ஒட்டுவார். தொடர்ந்து இரண்டு வாரம் அறுபத்தைந்துக்குக் கீழே போனால் மேக வேலையிலிருந்து நீக்கம். வேறு வேலை அப்போது ஆபீசில் இல்லை. ஆகவே நாற்காலியும் நீக்கம், தலையணையும் வீட்டுக்கு.

ரங்கம்மாளோடு அந்த மூவரில் இருந்த மற்ற இரண்டு பேர் அக்ஷயாவும் மேக்னாவும். அக்ஷயா வாராவாரம் தொண்ணூறுக்கு மேல். மஞ்சளாக எது தெரிந்தாலும் அழகாகச் சுற்றி வளைத்துவிடுவாள். மேக்னாவுக்கு வயது பதினெட்டு. பிளஸ் டூவில் இயற்பியல் பத்தொன்பது மார்க்கு. பால்வெளியை வரைகிற வேலைக்கு அதை யாரும் கேட்கவில்லை. நல்ல பெண். மனோஜ்குமாரின் சுழல் நாற்காலியைத் தினம் ஒரு திருகு இறக்கிவைத்து, தான் குள்ளமாகிக்கொண்டு வருகிறோமோ என்று அவரை டாக்டரிடம் போகவைத்தது அவள்தான் என்று சிலர் சொல்வார்கள். சாட்சி கிடையாது.

ரங்கம்மாள் வேலை செய்கிற விதமே தனி. கட்டத்தைத் திறப்பார். கண்ணாடியைக் கழற்றுவார். எழுந்து மூன்றடி பின்னால் நடந்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பிறகு வந்து உட்கார்ந்து கோடு போடுவார்.

"ஏனுங்க்கா, டிவியா பாக்கறீங்க?" என்பார் மனோஜ்குமார்.

"டிவிய கிட்ட இருந்துகோட பாக்கலாமுங். இது ஆவாதுங்."

அப்படிப் பார்த்ததில் அவருக்கு ஒன்று தெரிந்தது. சில இடங்களில் மஞ்சள் பொட்டுகள் ஒரே சீரான இடைவெளியில், கட்டம் கட்டமாக நீண்டு ஒரு வரிசை போகும். அக்ஷயா ஒவ்வொரு பொட்டையும் மேகம் என்று வளைத்தாள். மேக்னாவும் வளைத்தாள். ரங்கம்மாள் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்.

"இது மேகமில்லீங். மிசினு கோளாறு."

மில்லில் அவர் கற்றது அது. பஞ்சால் வருகிற குற்றம் இங்கொன்றும் அங்கொன்றுமாக விழும். அதே தடிப்பு ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்தால் பஞ்சைத் திட்டிப் பிரயோஜனமில்லை. எங்கோ ஒரு ரோலர் கோணிக்கொண்டு சுற்றுகிறது, சுற்றுக்கு ஒரு தடவை நூலைக் கடிக்கிறது. ஆகாயத்தை டெலஸ்கோப் வரிசை வரிசையாகத் துடைக்கும்போது, துடைப்பத்தில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் வரிசைக்கு வரிசை கீறல் விழாதா என்பது அவர் வாதம்.

"இருக்கலாமுங்க்கா," என்றார் மனோஜ்குமார். "ஆனா மத்த ரெண்டு பேரும் போட்டிருக்கறாங்களே. உங்களுக்கு மார்க்கு போவுதுங்களே."

"போனாப் போவுதுங்."

அப்படிச் சொன்னாலும் வெள்ளிக்கிழமை சுவரருகே அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. போட்டுக்கொண்டு, கிட்டப் போய்ப் பார்த்தார். முதல் வாரம் அறுபத்தாறு. கோட்டுக்கு மேலே ஒன்று.

இரண்டாவது வாரத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். காரமடைத் தேருக்குப் போய்வந்த யாரோ ஒரு புண்ணியவான், அங்கே கடையில் வாங்கிய பச்சைப் பஞ்சுமிட்டாயைக் கறுப்புத் துணியில் வைத்துப் போட்டோ எடுத்து, அதன் மேல் மேகப் படத்தின் நீலத்தையும் மஞ்சளையும் பூசி, வரிசையில் விடுபட்டிருந்த நூற்று அறுபத்து மூன்றாம் கட்டம் என்று பேர் கொடுத்து அந்த வாரத்துப் படங்களோடு சேர்த்துவிட்டிருக்கிறான். பேர் இல்லாத விஷமி. அந்தக் கட்டம் விதிப்படி மூவருக்கும் போனது. அக்ஷயா அதைப் பார்த்து மெய்மறந்து, வெளிக்கோடு ஒன்று, உள்ளே அடர்ந்த கரு மூன்று என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள். மேக்னாவும் ஒரு வட்டம் போட்டாள். ரங்கம்மாள் மூன்றடி பின்னால் போனார், வந்தார், கோடு எதுவும் போடாமல், யாரும் படிக்காத குறிப்புப் பெட்டியில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

இரண்டுக்கு ஒன்று. அந்தக் கட்டத்தில் அவருக்கு மார்க்கு இல்லை. வெள்ளிக்கிழமை சுவரில்: ரங்கம்மாள், அறுபத்து நாலு.

மனோஜ்குமார் தலையைச் சொறிந்தார். "அக்கா, இன்னொரு வாரம் இப்படி ஆச்சுன்னா என் கையில ஒண்ணுமில்லீங்க. பெங்களூர்க்காரங்க போட்ட விதி. ஒரு மார்க்குல போச்சுங்களே!"

"ஒரு மார்க்குன்னாலும் கம்மி கம்மிதானுங்" என்றார் ரங்கம்மாள். சாயங்காலம் போகும்போது தலையணையை ஒரு தட்டுத் தட்டி, உறையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார். அதை மேக்னா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம் மேக்னா ஓர் ஒழுங்கான பெண்ணாக மாறினாள். சத்தமில்லை, சேட்டையில்லை. மனோஜ்குமார் நாற்காலி ஒரே உயரத்தில் நின்றது. அவள் செய்ததெல்லாம் ஒன்றுதான். பக்கத்து நாற்காலியில் இருந்த அவளுக்கு ரங்கம்மாளின் திரை நன்றாகத் தெரியும். அவர் போட்ட கோட்டை ஓரக்கண்ணால் பார்த்து, அதே மாதிரி தன் திரையில் போட்டாள். அவர் விட்டதை விட்டாள். சீரான பொட்டு வரிசை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாமே ஒத்துப்போனால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே சிலவற்றை மட்டும் மாற்றிப் போட்டாள். மேக்னா எதற்காக அப்படிச் செய்தாள் என்று கேட்டால், இளகிய மனசு என்றுதான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை ரங்கம்மாளுக்கு எழுபத்தொன்பது. அக்ஷயாவின் மார்க்கு இறங்கிவிட்டதால் அவள் யாரோடும் பேசவில்லை. மனோஜ்குமார் சந்தோஷத்தில் எல்லாருக்கும் மிக்சர் பொட்டலம் வாங்கிக்கொடுத்தார். ரங்கம்மாள் தன் பொட்டலத்தைப் பிரிக்காமல், வெள்ளிக்கிழமைதோறும் மூன்று பேர் கோடும் ஒன்றாகத் தெரியும்படி திறக்கிற பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பத்தரை மணிக்கு, கீழே பேக்கரியில் டீ. ரங்கம்மாள் மேக்னாவுக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக்கொடுத்தார். அது வழக்கமில்லை. மேக்னா அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"கண்ணு, எறநூத்தி நாப்பத்தி ரெண்டாங் கட்டத்துல, கீழ வலது மூலையில ஒரு வட்டம் போட்டிருக்கறயே."

"ஆமாங்க்கா."

"அங்க என்ன இருந்துச்சு?"

"மேகந்தானுங்க்கா. சின்னது. மொதல்ல எனக்கும் தெரியல. உத்துப் பாத்தனா, தெரிஞ்சுது."

"எப்புடி இருந்துச்சு?"

மேக்னாவுக்குப் பொய் சொல்வதில் ஒரு பலவீனம் உண்டு. அளவோடு நிறுத்தத் தெரியாது. "ஒரு பக்கம் வாலு மாதிரி நீட்டீட்டு இருந்துச்சுங்க்கா. நடுவுல நல்ல மஞ்சளு."

"வாலு."

"ஆமாங்க்கா."

"அங்க ஒண்ணுமே இல்ல கண்ணு. வெறும் நீலம். நாந்தான் சும்மா ஒரு வட்டம் போட்டு வெச்சேன்."

பன் மேக்னாவின் தொண்டையில் நின்றது. ரங்கம்மாள் தண்ணீர் டம்ளரை நகர்த்திக் கொடுத்தார்.

"மில்லுல சென்னியம்மாள்னு ஒருத்தி. அடுத்த ஷிப்டு. பலகையே சுத்தாம, நான் எழுதி வெச்ச கணக்கப் பாத்து எழுதிப்போட்டுத் தூங்கீருவா. ஒரு நா இல்லாத முடிச்சு நாலு எழுதி வெச்சுட்டுப் போனேன். அவளும் நாலு எழுதியிருந்தா. நீயும் சேட்டையில்லாம எம்பக்கமே பாத்துட்டு உக்காந்திருந்தே. திங்கக்கெழமையே சந்தேகம். புதங்கெழமை வட்டம் போட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லீராதீங்க்கா" என்றாள் மேக்னா. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, பன்னாக இருக்கலாம். "எனக்கு ஒண்ணும் ஆவாது. சொன்னா உங்க சீட்டுதான் போகும்."

"அது தெரியுது."

"அப்பறம் என்னங்க்கா?"

ரங்கம்மாள் டீயை ஆற்றினார். "ஒரு கட்டத்துக்கு மூணு பேர எதுக்குக் கண்ணு வெச்சிருக்கறாங்க? நான் தப்புப் பண்ணுனா மத்த ரெண்டு பேரு புடிக்கோணும். நீயும் எங்கூடவே சேந்து தப்புப் பண்ணுனீன்னா, என்னைய யாரு புடிப்பாங்க? அந்தப் பொட்டு வரிசையில ஒண்ணு நெசமாலுமே மேகமா இருந்துச்சுன்னு வெய்யி. நாம ரெண்டு பேருஞ் சேந்து அதைய இல்லாமப் பண்ணிப்போட்டம்."

"நீங்கதான மிசினு கோளாறுன்னு சொன்னீங்க?"

"இப்பவும் அதான் சொல்றேன். அதுக்காவ நீ பாக்காமயே ஆமாஞ்சாமி போடுவியா?"

திங்கட்கிழமை வீடியோவில் ரங்கம்மாள் தானாகவே சொல்லிவிட்டார். "ரெண்டு பேரு பாத்ததுன்னு நெனச்சுக்காதீங் கண்ணு. போன வாரம் பாத்தது ஒத்தக் கண்ணுதான்" என்றார். சமீரா கோபப்படவில்லை. நூறு கட்டத்தையும் மேக்னா மறுபடியும், சொந்தக் கண்ணால் வரைய வேண்டும் என்றாள். மனோஜ்குமார் கீழே கடையிலிருந்து பம்ப் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு நாற்காலிக்கும் நடுவே நிறுத்தினார். பெட்டியில் 'கவிழ்க்காதே' என்று எழுதியிருந்தது.

மூன்று நாள் மேக்னா வரைந்தாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்வதும், மூன்றடி பின்னால் செருப்புச் சத்தமும் கேட்கும். எட்டிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், தானும் ஒரு தடவை எழுந்து மூன்றடி பின்னால் போய்ப் பார்த்தாள். சில பொட்டு வரிசைகள் நிஜமாகவே சந்தேகமாகத்தான் தெரிந்தன. சில, என்ன செய்தாலும் மேகமாகத்தான் தெரிந்தன. தெரிந்தபடி போட்டாள். போட்ட ஒவ்வொரு கோடும் பக்கத்து நாற்காலியின் ஒரு காலை அறுக்கிறது என்று தெரிந்தே போட்டாள். அது எளிதான வேலை அல்ல. யாரும் மார்க்கு கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மூன்றாவது வாரத்துக்குத் திருத்திய கணக்கு வந்தது. ரங்கம்மாள், அறுபத்து நாலு. இரண்டாவது தடவை.

ரங்கம்மாள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். தலையணையை உறையிலிருந்து உருவி, உறையை நாலாக மடித்தார். மனோஜ்குமார் ஜன்னல் வழியாக மேட்டுப்பாளையம் பஸ் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது வீடியோ மணி அடித்தது.

"ஒரு நிமிஷங்க," என்றாள் சமீரா. "யாரையும் வேலையில இருந்து எடுக்கறதுக்கு முன்னாடி ஒத்துப்போகாத கட்டத்தை எல்லாம் நான் ஒவ்வொண்ணாப் பார்த்துடுவேன். ரெண்டாவது வாரத்துல நூத்தி அறுபத்தி மூணுன்னு ஒரு கட்டம் இருக்குது. நாங்க அனுப்பவே இல்லை. ஆகாயத்துல அப்படி ஒரு இடமே கிடையாது."

படத்தைத் திரையில் போட்டாள். கருநீலத்தின் நடுவே மஞ்சளாக ஒரு பெரிய மேகம். அக்ஷயாவின் மூன்று கருக்கள். மேக்னாவின் வட்டம்.

"இதுக்கு ரங்கம்மா அக்கா ஒரு குறிப்பு எழுதியிருக்காங்க. படிக்கட்டுங்களா? 'இது மேகம் இல்லீங்க. பஞ்சுமிட்டாய். குச்சி தெரியுது.'"

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பன்னிரண்டு பேரும் திரையின் அடி ஓரத்தைப் பார்த்தார்கள். கறுப்புத் துணி மறைக்காமல் விட்ட இடத்தில், நகக்கண் அளவுக்கு, நேராக ஒரு குச்சி. அக்ஷயா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். மனோஜ்குமார் "எவன்டா அது?" என்று கத்தினார். அங்கே பெங்களூரில் சமீராவுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்து நின்று சிரித்தார்கள். செய்தவன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தக் கட்டத்தை மூவருக்கும் தள்ளுபடி செய்தார்கள். தொண்ணூற்றொன்பது கட்டத்துக்கு அறுபத்து நாலு. நூற்றுக்கு மாற்றினால் அறுபத்து நாலு புள்ளி ஆறு. மனோஜ்குமாரின் சுவர்ப் பட்டியலில் புள்ளிக்கு இடம் கிடையாது. பழைய தாளைக் கிழித்துவிட்டு, இரண்டாவது வாரம் அறுபத்தைந்து என்று புதுத் தாள் ஒட்டினார். தொடர்ந்து இரண்டு வாரம் என்பது இப்போது ஒரே வாரமாகிவிட்டது. ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். ரங்கம்மாள் உறையை விரித்து, தலையணையை உள்ளே திணித்து, நாற்காலியில் வைத்தார். வீட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னபோது அந்தப் பக்கம் கோவிந்தராஜுலு விட்ட பெருமூச்சு மேக்னாவுக்கே கேட்டது.

சித்திரையில் இன்னொரு செய்தி வந்தது. சந்தேகமான பொட்டு வரிசைகளை மட்டும் டெலஸ்கோப் மறுபடியும் துடைத்திருந்தது. இந்தத் தடவை குறுக்கு வாட்டத்தில். பாவுக்கு ஊடை போடுகிற மாதிரி. மெஷின் போட்ட கீறல் திசையை மாற்றியதும் காணாமல் போகும். மேகமாக இருந்தால் அங்கேயே இருக்கும். ரங்கம்மாள் தள்ளிவைத்தது மொத்தம் பதினோரு வரிசை. எட்டு வரிசை துடைத்த இடத்தில் ஒன்றுமில்லை. மூன்று அப்படியே இருந்தன.

"அந்த மூணும் மூணாவது வாரத்துக் கட்டம்," என்றாள் சமீரா. "மேக்னா திரும்ப வரையாம இருந்திருந்தா ரெண்டுக்கு ஒண்ணுன்னு தூக்கி எறிஞ்சிருப்போம். திரும்பப் பார்க்கற பட்டியல்லகூட வந்திருக்காது."

ரங்கம்மாளுக்கு எட்டைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மூன்றைப் பற்றித்தான் கேட்டார். "அத்தன சீரா, ஒரே அளவுல, தானாவா உளுந்துச்சுங்?"

"ஆமாங்க. நீளமான வாயு இழை சில சமயம் தன் எடையிலயே, சம தூரத்துல கொத்துக் கொத்தாத் திரண்டுக்கும்."

அவர் மூன்றடி பின்னால் போய் அந்த மூன்று வரிசையையும் வெகு நேரம் பார்த்தார். "மூணு தப்பு எம்பேர்ல எழுதிக்குங் கண்ணு," என்றார் கடைசியில். "ஆனா நூத்தது நல்ல கை."

அதற்கப்புறம்தான் சமீரா, கோடு போட்டவர்களைப் பற்றியும் தங்கள் பக்கத்தில் போட வேண்டும், ஒவ்வொருவரைப் பற்றியும் பக்கத்து நாற்காலிக்காரர் எழுதித்தர வேண்டும் என்று சொன்னாள். சுருக்கமாக என்றாள். மேக்னாவுக்குத்தான் அளவோடு நிறுத்தத் தெரியாதே. பால்வெளியில் ஆரம்பித்து, நூத்தது நல்ல கை என்பது வரைக்கும் மேலே இருக்கிற அத்தனையையும் எழுதி, அச்செடுத்து, அனுப்புவதற்கு முன்னால் பேருக்கு ஒரு பார்வை பார்த்துவிடட்டும் என்று ரங்கம்மாளிடம் கொடுத்தாள்.

அவர் முதல் பாராவிலேயே சிரித்தார். "நட்சத்திரத்துக்கு நாங் கையெழுத்துப் போடோணுமாக்கும்!" பூவன் பழத்துக்கு வந்ததும், "இதைய எடுத்துரு, மாமா கோவிச்சுக்குவாரு" என்றார். நடுவில் ஓரிடத்தில் நின்று, அதே இடத்தை இன்னொரு தரம் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கறே கண்ணு. ஒரே ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க்கா."

"நாங்க எல்லாரும் அந்தப் பஞ்சுமிட்டாய நீலமும் மஞ்சளுமாத்தான பாத்தோம்?"

"ஆமாங்க்கா."

"பொதுவாப் பஞ்சுமிட்டாயின்னா ரோசு. இல்லாட்டி வெள்ள."

"...ஆமாங்க்கா."

"பச்சைன்னு எழுதியிருக்கறே. காரமடைத் தேருல வாங்குனதுன்னு வேற எழுதியிருக்கறே. எவன்னே தெரியாத விஷமி எந்தக் கடையில என்ன கலரு வாங்குனான்னு உனக்கு ஆரு சொன்னாங்க?"

மேக்னா வாயைத் திறந்தாள். எத்தனையோ பொய் வரிசையில் நிற்கும் வாய். அன்றைக்குத் தாளைப் பிடுங்கக் கைதான் முன்னால் வந்தது.

"எனக்கு ஒரு மார்க்கக் கொறச்சுப்போட்டு, அப்பறம் மனசு கேக்காம ஒரு வாரம் எங்கோட்டு மேலயே கோடு போட்டுட்டு இருந்திருக்கறே. இளகின மனசாமா!"

ரங்கம்மாள் தாளை மேஜையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து மூன்றடி பின்னால் நடந்து, தலையைச் சாய்த்து, மேக்னாவை மேலிருந்து கீழே வரை ஒரு பார்வை பார்த்தார்.

"குச்சி தெரியுது, கண்ணு."